பிராம்ப்டன் கிளப்புக்குப் போன நாக்கு

மலைக்குக் கீழே ஆனைக்கரடு என்று ஓர் ஊர். மலைக்கு மேலே பிராம்ப்டன் கிளப். கீழே இருப்பவர்கள் மேலே போக ஆசைப்பட்டார்கள். மேலே இருப்பவர்கள் கீழே பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு பீர் பாட்டில் வந்து சேர்ந்தது. அதனால் என்ன ஆனது என்பதுதான் கதை.

ஆனைக்கரட்டில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு மனமகிழ் மன்றம் நடத்தினார்கள். தலைவர் பூவராகன், அரிசி ஆலை முதலாளி. செயலாளர் நல்லபெருமாள், ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். உலகத்திலுள்ள ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும், எதற்கும் போனதில்லை. பொருளாளர் மிக்கேல்சாமி, இரும்புக்கடைக்காரர். நாலாவது ஆளான அங்குராஜிடம் சொந்தமாக ஒரு பஸ் இருந்தது. பதவி இல்லாவிட்டால் பஸ்ஸை மன்றத்து வாசலில் நிறுத்த மாட்டேன் என்று அவர் சொன்னதால் அவரைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். வெறும் உறுப்பினர் என்று மன்றத்தில் யாரும் இல்லை.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் தீர்மானம் போட்டுத்தான் செய்வார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேற வேண்டும். நிறைவேறிவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. மார்கழிப் பனியில் ஒருநாள் மின்விசிறியை நிறுத்துவது என்று தீர்மானித்தார்கள். சித்திரை வெயிலில் வேர்வை ஊற்ற ஊற்ற அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். சுவிட்சைப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.

பூவராகனுக்கு ஆலை இருந்தது, வீடு இருந்தது, அதற்கேற்ற வயிறும் இருந்தது. இல்லாதது பிராம்ப்டன் கிளப்பில் ஒரு நாற்காலி. முதல் தடவை அவர் அங்கே போனபோது புதுப் பட்டுக்கரை வேட்டி கட்டி, விசிறி மடிப்பு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு போனார். வாசல் காவலர் வேட்டியை மேலிருந்து கீழாகவும் செருப்பைக் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். பிறகு கார் நிற்கிற கொட்டகையில் அவரை உட்கார வைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். பேன்ட்டும் ஷூவும் போட்டிருந்த டிரைவர் சங்கிலியை உள்ளே அழைத்துப் போய் மேஜையில் உட்கார வைத்தார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் சங்கிலி உள்ளே கிடைத்த கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

“முந்திரி வச்சிருக்காங்க மொதலாளி. நீங்களும் வந்திருக்கலாம்” என்றான்.

அன்றிலிருந்து பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாசல் வழியாக ஷூக்காலோடு நடந்துபோய், நாற்காலியில் சாய்ந்து, பரிமாறுகிறவரைப் “பேரர்” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று மன்றத்தில் சொன்னார். மன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. செத்தாலும் பரவாயில்லை என்ற பகுதியை மிக்கேல்சாமி தனியாக வழிமொழிந்தார்.

பூவராகன் தோல் ஷூ வாங்கினார். பேன்ட் தைத்தார். மன்றத்தார் மூவரையும் அங்குராஜின் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினார்.

கிளப்பின் கௌரவச் செயலாளர் கர்னல் தேவசகாயம் வராந்தாவில் அவர்களைச் சந்தித்தார். வெள்ளைக்காரர்கள் போனபிறகு இங்கிலாந்தை விடாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களில் அவர் முக்கியமானவர். பிறந்தது ஆனைக்கரட்டுக்குப் பக்கத்துத் தாலுகாவில். ஆனால் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, அந்தத் தாலுகாவும் பேசுவதில்லை.

பிராம்ப்டன் கிளப்புக்கு ஆலை வைத்திருப்பவர்கள் தேவையில்லை, ருசி தெரிந்தவர்கள்தான் தேவை என்று கர்னல் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். இங்கிலாந்திலிருந்து தருவித்த போர்ட்டர், பழைய முறைப்படி காய்ச்சியது.

போர்ட்டர் என்பது ஒரு கறுப்பு பீர். ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் மூட்டை சுமந்தவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர் வந்ததென்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூட்டை சுமக்கிறவர் யாரும் பிராம்ப்டன் கிளப் வாசலைத் தாண்ட முடியாது. அவர் குடித்த பீர் தாண்டலாம். இந்தச் சங்கடத்தைக் கர்னல் விளக்கவில்லை. எப்படி ருசிக்க வேண்டும் என்பதை மட்டும் விளக்கினார்.

“இதுக்குள்ள ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கு. குலுக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில வைக்கக் கூடாது, நிலவறையில இருக்கற குளிர்ச்சிதான் சரி. கிளாஸைச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தணும். பாட்டில் அடியில வண்டல் நிக்கும், அது கிளாஸுக்குள்ள வரக் கூடாது. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா ஓரத்துல சிவப்புத் தெரியும். குடிச்சா கருகின ரொட்டி, கடுங்காப்பி, புகையிலை, தோல், எல்லாம் நாக்குல ஒண்ணொண்ணா வரும். ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. நீங்க என்னென்ன கண்டுபிடிச்சீங்கன்னு வந்து சொல்லுங்க மிஸ்டர் பூவராகன். சரியாச் சொல்ற நாக்குக்கு இங்க இடம் உண்டு.”

நல்லபெருமாள் அதைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார். படியிறங்கும் முன்பே கர்னல் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் மன்றத்துத் தீர்மானமாக நிறைவேறிவிட்டது. இனி யாரும் மீற முடியாது.

குலுக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பூவராகன் முன் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியதும் பாட்டில் நடுங்கியது. இன்ஜின்தான் காரணம் என்று மிக்கேல்சாமி கண்டுபிடித்தார். இன்ஜினை அணைத்தார்கள். இன்ஜின் இல்லாமல் பஸ் இறக்கத்தில் தானாக உருளும், ஆனால் வேகமாக உருளும். எனவே மலையில் டிக்கெட் வாங்கி ஏறியிருந்த பயணிகளை இறக்கி, பஸ்ஸின் பின்னால் கயிறு கட்டி, அவர்களே கயிற்றைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். டிக்கெட் வாங்காதவர்கள் கயிற்றைத் தொடக் கூடாது என்று கண்டக்டர் கண்டிப்பாக இருந்தார். ஒரு கைக்குழந்தை அழுதபோது, உள்ளே இருக்கிற உயிர் விழித்துக்கொள்ளும் என்று நல்லபெருமாள் அதன் தாயைப் பின்னால் வருகிற பஸ்ஸில் வரச் சொன்னார். அந்தம்மா பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்து, துணி துவைத்துக் காயப்போட்டு, அது காய்ந்த பிறகுதான் இவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் மன்றம் கூடியது. பாட்டில் நடுமேஜையில் நின்றது. நல்லபெருமாள் எழுந்து, தான் சுத்த சைவம் என்றும், உயிருள்ள எதையும் உண்பதில்லை என்றும், எனவே ருசி பார்ப்பதிலிருந்து தனக்கு விலக்கு வேண்டும் என்றும் கேட்டார். நாக்குகளில் கால்வாசி குறைந்துவிடுமே என்று பூவராகன் கலங்கிப்போனார்.

“தயிர்லயும்தான் உயிர் இருக்கு, வாத்தியாரே. கிண்ணம் கிண்ணமாத் திங்கிறீரு” என்றார் மிக்கேல்சாமி.

“தயிரு நம்ம ஊரு உயிரு. அது வளர்ந்த விதம் நமக்குத் தெரியும். இது எப்பிடி வளந்துச்சோ, என்னத்தத் தின்னுச்சோ.”

“சீனியத்தான் திங்குமாம். கிளப் வாசல்ல பேரர் சொன்னாப்ல” என்றார் அங்குராஜ்.

“அப்பச் சைவம்” என்றார் பூவராகன்.

நல்லபெருமாள் கொஞ்சம் யோசித்தார். “ஆடும்தான் புல்லத் திங்குது. அதுக்காக ஆட்டைத் தின்னுற முடியுமா?”

கடைசியில் தலைவர் என்ற முறையில் பூவராகன் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார்: ஈஸ்ட் ஆடு அல்ல. அது ஒருமனதாக நிறைவேறியது. அதற்கு மேல் நல்லபெருமாளுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை.

அடுத்த சிக்கல் பெரியது. கருகிய ரொட்டி, கடுங்காப்பி, புகையிலை, தோல் என்று கர்னல் சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாத ஆளைக் கூட்டத்தில் எப்படி அடையாளம் காண்பது என்று அங்குராஜ் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் ஒவ்வொரு ருசியையும் தனித்தனியே நாக்குக்கு அறிமுகம் செய்து வைப்பது, பிறகே பாட்டிலைத் திறப்பது என்று முடிவானது.

காப்பியை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விட்டுவிடக் கூடாதென்று அதையும் குடித்தார்கள். பேக்கரியிலிருந்து ரொட்டி வந்தது. எவ்வளவு கருக வேண்டும் என்று கர்னல் சொல்லவில்லை. பீர் கறுப்பு, எனவே ரொட்டியும் அந்தக் கறுப்பு வரும்வரை கருக வேண்டும் என்று தீர்மானித்து, கரியாக்கி, சூடு ஆறுமுன் தின்றார்கள். ஆறினால் ருசி மாறிவிடலாம் அல்லவா. நாலு பேர் நாக்கும் கொப்புளித்தது. புகையிலையை மிக்கேல்சாமி பெட்டிக்கடையிலிருந்து வாங்கி வந்தார். மெல்லுவதா விழுங்குவதா என்று விவாதம் வந்தது. பீரை யாரும் மென்று துப்புவதில்லை என்று நல்லபெருமாள் எடுத்துக்காட்டியதால் விழுங்கினார்கள். அதற்குப் பிறகு மன்றத்தில் சிறிது நேரம் கூட்டம் நடத்தத் தேவையான ஆள்கணக்கு, அதாவது கோரம், இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் கொல்லைப்பக்கம் இருந்தார்கள்.

மிச்சமிருந்தது தோல். மிக்கேல்சாமியின் செருப்பு ரப்பர். அங்குராஜுடையது பிளாஸ்டிக். நல்லபெருமாள் சைவம் என்பதால் கான்வாஸ் போடுகிறவர். கடைசியில் எல்லோருடைய பார்வையும் பூவராகனின் கால்களில் வந்து நின்றது.

“இது கிளப்புக்குள்ள போறதுக்கு வாங்கினதுய்யா” என்றார் பூவராகன்.

“கிளப்புக்குள்ள போறதுக்குத்தான் கேக்கோம் தலைவரே” என்றார் மிக்கேல்சாமி.

பூவராகன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். வலது ஷூவின் முனையை மிக்கேல்சாமி தகரக் கத்தரியால் நறுக்கினார். பூவராகன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி சௌந்தரத்திடம் கொடுத்து, உப்புப் போடாமல் வேகவைக்கச் சொன்னார். சௌந்தரம் எதுவும் கேட்காமல் வேகவைத்தாள். அந்த வீட்டில் கேள்வி கேட்பதை அவள் நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. நல்லபெருமாளும் ஒரு துண்டு வாங்கி மென்றார். மாடு ஷூவுக்காகச் செத்ததே தவிரத் தனக்காகச் சாகவில்லை, எனவே பாவம் ஷூக்கடையோடு முடிந்துவிட்டது என்பது அவருடைய கட்சி.

இரண்டு நாள் விடாமல் பயிற்சி எடுத்தார்கள். வெந்தும் மரத்தும் போன நாக்குகளுக்கு அதன்பின் வேறெதுவும் தெரியாமல் போயிற்று. தண்ணீர் குடித்தால் புகையிலை. வெற்றிலை போட்டால் தோல். பூவராகன் சாப்பிட உட்கார்ந்து, “இன்னைக்கு ரசத்துல தோல் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றார்.

“நீங்க மென்னது போக மிச்சமிருந்ததப் போட்டுத்தான் வச்சேன்” என்றாள் சௌந்தரம்.

அவர் மகிழ்ச்சியோடு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். நாக்கு தயாராகிவிட்டது.

இப்போது நிலவறை. ஆனைக்கரட்டில் நிலவறை வைத்து வீடு கட்டியவர் எவரும் இல்லை. அந்த ஊரில் ஒளித்து வைக்கும்படி யாரிடமும் எதுவும் இருந்ததில்லை. மன்றத்தின் பின்புறம் செம்மண் தரையில் ஒரு குழி வெட்டினார்கள். பாட்டிலை உள்ளே வைத்து எடுத்து, வெளியே உட்கார்ந்து குடித்திருக்கலாம். ஆனால் வெளியே எடுத்தால் அது வெளிக்குளிர்ச்சி ஆகிவிடுமே தவிர நிலவறைக் குளிர்ச்சி ஆகாது என்றார் நல்லபெருமாள். ஆகவே குடிக்கிறவர்களும் குழிக்குள் இருக்க வேண்டும் என்று ஏற்பட்டது. நாலு பேர் நிற்கிற அளவுக்குக் குழியை வெட்டினார்கள். பூவராகனின் வயிற்றைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

வண்டல் விஷயத்தைத் தீர்த்து வைத்தவர் மிக்கேல்சாமி. அடியில் நிற்கிற வண்டல் கடைசியில்தான் வெளியே வரும். கடைசி எப்போது வரும் என்று குடித்து முடித்தால்தான் தெரியும். தெரிகிறபோது அது வாய்க்குள் போயிருக்கும். அதற்குப் பதிலாகப் பாட்டிலை ஒருநாள் தலைகீழாக நிறுத்திவைத்தால் வண்டல் முழுவதும் வாய்ப்பக்கம் வந்துவிடும். திறந்ததும் அதை முதலில் வெளியேற்றிவிட்டு, பாக்கியை நிம்மதியாகக் குடிக்கலாம் அல்லவா. பிரான்ஸ் தேசத்தில் நுரைக்கிற திராட்சை மதுவுக்கு ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். அவர்களைக் கலைஞர்கள் என்கிறோம். மிக்கேல்சாமி இரும்புக்கடை வைத்திருப்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆலையிலிருந்து கொண்டுவந்த அரிசிப் பானையில் பாட்டில் ஒருநாள் தலைகீழாக நின்றது. சனிக்கிழமை மத்தியானம் குழியில் இறங்கினார்கள். ஏணி உள்ளே இருந்தால் நாலாவது ஆளுக்கு இடமில்லை. எனவே ஏணியை வெளியே போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். நாலு பேரும் நெஞ்சோடு நெஞ்சாக நின்றார்கள். யாராவது இருமினால் எல்லோரும் அசைந்தார்கள்.

வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பிடிப்பது பூவராகன். நிமிர்த்தினால் வண்டல் பழையபடி அடிக்குப் போய்விடும், அதனால் கவிழ்த்தபடியே திறக்க வேண்டும். குறட்டால் மூடியைப் பிடுங்குவது மிக்கேல்சாமி. வண்டல் போய், ஓரத்தில் சிவப்புத் தெரிந்ததும் “இப்ப” என்று சொல்வது நல்லபெருமாள். சொன்னதும் கீழே கிளாஸை நீட்டுவது அங்குராஜ்.

மிக்கேல்சாமி குறட்டை அழுத்தினார். மூடி எங்கோ போயிற்று. போர்ட்டர் மூச்சுவிட்டுக்கொண்டு இறங்கியது. முதலில் பூவராகனின் பேன்ட்டிலும் பிறகு மண்ணிலும்.

“செவப்புத் தெரியுதா வாத்தியாரே?” என்றார் அங்குராஜ்.

“குழிக்குள்ள வெளிச்சம் எங்கடா இருக்கு? எல்லாம் கறுப்பாத்தான் தெரியுது.”

“கொட்டுதுய்யா, கொட்டுதுய்யா” என்றார் பூவராகன்.

நல்லபெருமாள் நேர்மையானவர். சிவப்புத் தெரியாமல் தெரிகிறது என்று சொல்ல அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அங்குராஜுக்குப் பொறுக்கவில்லை. தானாகவே கிளாஸை நீட்டினார். தீர்மானப்படி நன்றாகச் சாய்த்துத்தான் பிடித்தார். ஒரு பக்கம் விழுந்த போர்ட்டர் மறுபக்கம் வழியாக ஒழுங்காக வெளியேறியது. எப்போது நிமிர்த்துவது என்பது பற்றிக் கர்னல் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாததைச் செய்ய மன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

பாட்டில் காலியாயிற்று. காலடியில் நுரை பொங்கி, யோசித்து, மண்ணுக்குள் போய்விட்டது.

பூவராகன் அழுதார். வயிறு குலுங்கி அழுததால் மற்ற மூவரும் கூடவே குலுங்கினார்கள். நாளைக்குக் கமிட்டி. என்ன சொல்வது? குடிக்காமலே குடித்தேன் என்று சொல்லவும் அவருக்கு வராது. இந்தப் பிறவியில் கார் கொட்டகை எலுமிச்சை ஜூஸ்தான் தனக்கு எழுதியிருக்கிறது என்றார்.

அப்போது நல்லபெருமாளின் பூகோளம் உதவிக்கு வந்தது. மழை பெய்தால் தண்ணீர் தொலைந்து போவதில்லை, நிலத்துக்குள் இருக்கிறது. அதைப் போலவே போர்ட்டரும் எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது, இருக்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. நாலு பேரில் குட்டையான அங்குராஜ் முழங்காலை மடக்கி, மற்றவர்களின் கால்களுக்கு நடுவே கைவிட்டு, ஈர மண்ணை அள்ளி ஆளுக்கொரு பிடி கொடுத்தார்.

பூவராகன் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். முகம் மெல்ல மலர்ந்தது.

“தோல் இருக்குய்யா” என்றார்.

“பொகையிலயும் இருக்கு” என்றார் மிக்கேல்சாமி.

கருகிய ரொட்டி இருந்தது. கடுங்காப்பி இருந்தது. கர்னல் சொன்னதில் ஒன்றும் குறையவில்லை. ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தது. அதை முதலில் சொல்ல எல்லோரும் தயங்கினார்கள். நல்லபெருமாள்தான் சொன்னார்: மண். கர்னல் மண்ணைப் பற்றிப் பேசவே இல்லையே, அதைக் கமிட்டியில் சொல்வதா மறைப்பதா என்று குழிக்குள்ளேயே விவாதம் நடந்தது. மறைத்துவிடலாம் என்று மிக்கேல்சாமி சொன்னார். பூவராகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நாக்குல என்ன பட்டுச்சோ அதத்தான் சொல்லுவேன். எடம் குடுத்தாக் குடுக்கட்டும். இல்லன்னா போகட்டும்.”

சாயங்காலம் முதலாளியைத் தேடி வந்த சங்கிலி, கயிறு போட்டு ஒவ்வொருவராக மேலே இழுத்தான். ஏணி பக்கத்திலேயே கிடக்கிறதே என்று கேட்டான். ஏணியை வெளியே வைப்பதென்பது தீர்மானம் என்று அவனுக்கு விளக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வலது ஷூவின் முனையில் பூவராகனின் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. சௌந்தரம் விரலுக்குக் கறுப்பு பாலீஷ் போட்டு, பளபளவென்று துடைத்துவிட்டாள். வாசல் காவலர் ஷூவை உற்றுப் பார்த்து, இப்படிப்பட்ட பளபளப்பை நான் பார்த்ததில்லை என்று சல்யூட் அடித்தார். மன்றத்தார் மூவரும் கார் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் வந்தது.

உள்ளே நீண்ட மேஜை. சுவரில் யாரோ சுட்ட மான்களின் தலைகள். கர்னலுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை தாங்கினார். சுற்றிலும் கமிட்டியார். பூவராகனுக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டைவிரல் பாலீஷ் கரைந்துவிடுமோ என்ற பயம் வேறு. அவர் எழுந்து நின்று, நாக்கில் பட்ட வரிசையிலேயே சொன்னார்.

“மொதல்ல தோல் வந்துச்சுங்க. பழைய தோல் இல்ல, புதுசு. அப்புறம் பொகையில. அதுக்கப்புறம் கருகின ரொட்டியும் காப்பியும் சேந்து வந்துச்சு.” கமிட்டியார் தலையை ஆட்டினார்கள். பூவராகன் கைகளைக் கூப்பினார். “கடைசியில, மன்னிக்கணும், மண்ணு வந்துச்சுங்க.”

யாரும் தலையை ஆட்டவில்லை. பூவராகன் தன் கதை முடிந்தது என்று நினைத்தார்.

கர்னல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். இங்கிலாந்தில் ஃபகிள் என்று ஒரு கசப்புப் பூ உண்டு, பழைய போர்ட்டரில் அதைப் போடுவார்கள், அதில் லேசாக மண்வாசனை வரும் என்று தேர்ந்த நாக்குக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சபைக்குச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், இத்தனை வருஷமாகக் குடித்தும் அந்த வாசனை அவருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது. மற்றவர்களுக்கும் வந்ததில்லை. தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்து, வருகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காலம் தள்ளி வந்தார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “எந்த மாதிரி மண்ணு? கரிசலா?”

“செம்மண்ணுங்க ஐயா” என்றார் பூவராகன். “கொஞ்சம் சரளை கலந்தது.”

சபை திகைத்துப்போனது. அப்படித் துல்லியமாகச் சொன்ன நாக்கை அந்தக் கிளப் வெள்ளைக்காரர் காலத்திலும் பார்த்ததில்லை. பூவராகனை அந்த நிமிஷமே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பூவராகன் சாய்ந்துகொண்டு, தொண்டையைச் செருமி, “பேரர்” என்று கூப்பிட்டார். பேரர் வந்தார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று பூவராகன் யோசித்து வைத்திருக்கவில்லை. நல்லவேளை, புது உறுப்பினருக்குப் போர்ட்டர் கொடுத்து வரவேற்பது அந்தக் கிளப் மரபு. எல்லோருக்கும் கிளாஸ் வந்தது.

பூவராகன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போர்ட்டர் குடித்தார். வாயில் வைத்து உருட்டினார். பல்லால் தேடினார். விழுங்கினார். மறுபடி ஒரு மடக்குக் குடித்துத் தேடினார். முகம் வாடிப்போயிற்று. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கர்னல் சார்” என்றார் தயங்கித் தயங்கி. “குத்தமா எடுத்துக்கக் கூடாது. இதுல மண்ணே இல்லையே.”

கர்னலின் முகம் வெளுத்தது. நீதிபதி தன் கிளாஸில் ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுழற்றி, ஆமாம், சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர் தனக்குப் போன வருஷமே சந்தேகம் வந்தது, மரியாதைக்காகச் சொல்லவில்லை என்றார். மண் இல்லாத போர்ட்டரைக் கொடுத்து யாரோ இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதில் கமிட்டிக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கர்னல் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பூவராகனுக்கு மனசு கேட்கவில்லை. சேர்ந்த அன்றே ஒருவரை அழ வைப்பதா? “மண்ணுதான சார், இதுக்குப் போயி” என்று சொல்லி, பேரரை வெளியே அனுப்பினார். பேரர் ரோஜாப் பாத்தியிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தில் மண் எடுத்து, வெள்ளிக் கரண்டியோடு கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கொரு கரண்டி போட்டுக் கலக்கினார்கள். கண்ணை மூடிக் குடித்தார்கள். இப்போது யாரும் வருகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் வந்தது. ரோஜாப் பாத்தி மண்ணில் எருவின் இனிப்பு கொஞ்சம் மேலோங்கி நிற்கிறது, டென்னிஸ் மைதானத்து மண்தான் ஆண்மையாக இருக்கும் என்றார் நீதிபதி. அதுவும் வந்தது. சலித்துக் கொண்டு வரட்டுமா என்று பேரர் கேட்டார். சலித்தால் ஆன்மா போய்விடும் என்று கர்னல் கண்டித்தார்.

டென்னிஸ் மைதானத்து மண்ணில் பூவராகன் மூன்றாவது மடக்கு குடித்தபோது வாய்க்குள் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் மெதுவாக விரல் விட்டு, உடைந்த கடைவாய்ப் பல்லை எடுத்து, மேஜை விரிப்பின் மேல் வைத்தார்.

“இப்பத்தான் சரியா இருக்கு” என்றார்.

கமிட்டியார் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு, அவரவர் கிளாஸில் சரளையைத் தேடி மும்முரமாக மெல்ல ஆரம்பித்தார்கள். கர்னல் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் தன் பல்செட்டைக் கழற்றி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, திரும்ப மாட்டிக்கொண்டார். பொய்ப்பல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.